மூன்று அணைப்புகள்

சில மாதங்களுக்கு முன்பு நண்பர்கள் சிலர் கூடியிருந்த இடத்தில் பேச்சு கிறிஸ்தவத் தொண்டின் பக்கம் திரும்பியது. பேசியவர்களில் ஒருவர் நாத்திகர். “அவர்கள் செய்கிற சேவையெல்லாம் மோட்சத்தில் வரவு வைத்துக்கொள்வதற்குத்தான். ஏழை என்பவன் அவர்களுக்கு ஓர் ஏணி” என்றார். இன்னொருவர் கிறிஸ்தவர். நல்ல வாசகர். அவர் கோபப்படவில்லை. “நாங்கள் ஏழைக்குச் செய்யவில்லை. ஏழையின் உருவில் வருகிற கிறிஸ்துவுக்குச் செய்கிறோம்” என்றார். மறுப்பாகச் சொல்லப்பட்ட இந்த வாக்கியம், முன்னவரின் குற்றச்சாட்டையே வேறு வார்த்தைகளில் சொல்வதுபோல் எனக்குப் பட்டது. இரண்டு பேச்சிலும் அந்த ஏழையைக் காணோம். ஒருவருடையதில் அவன் ஏணி, மற்றவருடையதில் வேஷம்.

நான் கிறிஸ்தவன் அல்லன். இறையியல் விவாதத்தில் இறங்கும் தகுதியும் எனக்கில்லை. ஆனால் விசுவாசம் செயலாக மாறும்போது, அந்தச் செயலின் மறுமுனையில் இருக்கிற மனிதனுக்கு என்ன நேர்கிறது என்பது படைப்பாளியின் கேள்வியும்தான். பிரசங்கத்தில் பெறுகிறவனுக்கு முகம் வேண்டியதில்லை. கதையில் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பதினெட்டு ஆண்டுகளுக்குள், மூன்று பெரிய படைப்பாளிகள் ஏறக்குறைய ஒரே காட்சியைத் தொட்டிருக்கிறார்கள்: குளிரில் விறைத்துக்கொண்டிருக்கும் ஒருவனை இன்னொருவன் தன் உடம்பால் மூடிச் சூடேற்றுகிறான். இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தபோதுதான், என் நண்பர்கள் இருவரும் எந்த இடத்தில் தவறுகிறார்கள் என்பது ஒருவாறு பிடிபட்டது.

முதலாவது, ஃப்ளாபேர் எழுதிய புனித ஜூலியனின் கதை. 1877ல் வந்த ‘மூன்று கதைகள்’ தொகுப்பில் இருப்பது. ஜூலியன் இளமையில் வெறிகொண்ட வேட்டைக்காரன். மிருகங்களைக் கொன்று குவித்தவன், விதிவசத்தால் தன் தாய் தகப்பனையும் கொன்றுவிடுகிறான். எல்லாவற்றையும் துறந்து, ஓர் ஆற்றங்கரையில் படகோட்டியாக வாழ்கிறான். புயல் வீசும் ஓர் இரவில் அக்கரையிலிருந்து ஒரு குரல் அழைக்கிறது. போய்ப் பார்த்தால் குஷ்டரோகி. ஜூலியன் அவனைக் குடிசைக்குக் கொண்டுவருகிறான். ரோகி உணவு கேட்கிறான், குடிக்கக் கேட்கிறான், படுக்கை கேட்கிறான். கடைசியில் உடைகளைக் களைந்துவிட்டுத் தன்மேல் படுத்துச் சூடு தரச் சொல்கிறான். வாயோடு வாய், மார்போடு மார்பு. ஜூலியன் அப்படியே செய்கிறான். அந்தக் கணத்தில் ரோகியின் கண்கள் நட்சத்திரம் போலாகின்றன. கூரை பறந்துவிடுகிறது. ஜூலியன் கிறிஸ்துவோடு முகத்துக்கு முகமாக நீல வெளியில் மேலேறிப் போகிறான்.

இந்தக் கதையின் மொழிநேர்த்தி பற்றிச் சொல்லவேண்டியதில்லை. தன் ஊர்ப் பக்கத்துத் தேவாலயம் ஒன்றின் வண்ணக் கண்ணாடி ஜன்னலில் இருக்கிற கதைதான் இது என்று ஃப்ளாபேரே முடிவில் சொல்லிவிடுகிறார். அதாவது, இதை நம்பும்படி அவர் நம்மைக் கேட்கவில்லை; பார்க்கச் சொல்கிறார். கண்ணாடியில் வரைந்த உருவங்களுக்கு உடம்பு நாற்றம் கிடையாது. எனக்கு உறுத்துவது வேறொன்று. குஷ்டரோகி எங்கே போனான்? புயலில் நடுங்கிக்கொண்டு ஆற்றங்கரையில் நின்றவன் முடிவில் இல்லை. அவன் இருந்ததே இல்லை. ஜூலியனின் பாவத்துக்கு விமோசனம் கிடைத்தது, கதை முடிந்தது. ரோகியின் குளிர் யாருக்கும் நேர்ந்த குளிராக இருக்கவில்லை. என் கிறிஸ்தவ நண்பரின் வாக்கியம் உருவம் பெற்றால் இப்படித்தான் இருக்கும்.

இரண்டாவது அணைப்பு ‘கரமாஸவ் சகோதரர்க’ளில் வருகிறது. 1879-80ல் தொடராக வந்த நாவல் அது. ஃப்ளாபேரின் கதையை துர்கனேவ் 1877லேயே ருஷ்ய மொழிக்குக் கொண்டுவந்துவிட்டார். தாஸ்தாயெவ்ஸ்கி அதைப் படித்துவிட்டுத்தான் இவானின் வாயில் இந்த உதாரணத்தை வைத்தார் என்பது பொதுவாக விமர்சகர்கள் ஏற்றுக்கொண்ட விஷயம். குழந்தைகள் படும் சித்திரவதைகளைப் பற்றிய புகழ்பெற்ற பேச்சைத் தொடங்குமுன், இவான் தன் தம்பி அல்யோஷாவிடம் ஒரு புனிதரைப் பற்றிச் சொல்கிறான். பசியோடும் குளிரோடும் வந்த வழிப்போக்கன் ஒருவனை அந்தப் புனிதர் அணைத்துப் படுத்துக்கொண்டு, நோயால் அழுகி நாறும் அவன் வாய்க்குள் தன் மூச்சை ஊதினாராம். இவான் இதை நம்பத் தயார். ஆனால் அது அன்பினால் நடந்தது என்பதை ஏற்க அவன் தயாரில்லை. கடமை விதித்த அன்பு அது, தன்மேல் தானே சுமத்திக்கொண்ட தண்டனை, ஒரு பொய்யின் முறுக்கேற்றம் என்கிறான். அவன் வாதம் எளிமையானது: தூரத்தில் இருக்கும் மனிதனை நேசிக்கலாம்; அவன் தன் முகத்தைக் காட்டியதும் நேசம் போய்விடும். ஆகவே கௌரவமுள்ள பிச்சைக்காரர்கள் நேரில் வரக்கூடாது, பத்திரிகை மூலமாகப் பிச்சை கேட்கவேண்டும் என்று கேலியும் செய்கிறான். கிறிஸ்துவுக்கு இருந்த அன்பு பூமியில் நடக்கமுடியாத அற்புதம், அவர் கடவுள், நாம் கடவுளர் அல்லர் என்பது அவன் முடிவு.

வெகுகாலம் நான் இவான் கட்சியில் இருந்தேன். அதற்குப் புத்தகக் காரணம் மட்டுமல்ல. என் தகப்பனார் கடைசி மூன்று மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். முதுகில் புண். நான் மூச்சை அடக்கிக்கொண்டுதான் அவரைப் புரட்டுவேன். வெளியே வந்து வராந்தாவில் நின்று மூச்சு விடும்போது, நான் ஒரு நல்ல மகன் என்கிற எண்ணமும் கூடவே வரும். இவான் சொல்கிற பொய்யின் முறுக்கு அதுதான் என்று எனக்குத் தெரியும். அந்த வார்டில் கழுத்தில் சிலுவை போட்ட ஆயா ஒருத்தி இருந்தாள். சம்பளத்துக்கு வேலை செய்கிறவள்தான். ஆனால் சம்பளத்துக்கு உட்படாத நேரங்களிலும் வந்து பார்ப்பாள். முணுமுணுப்பாள், சில சமயம் என்னைக் கடிந்துகொள்ளவும் செய்வாள். “உங்களால் எப்படியம்மா அருவருப்பில்லாமல் செய்யமுடிகிறது?” என்று ஒருநாள் கேட்டேன். கர்த்தரின் பெயரைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். “அந்தப் பக்கம் பிடிங்க தம்பி, முதுகு ஈரமா இருக்கு” என்றாள். அதை ஒரு பதில் என்றே நான் அப்போது எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது, டால்ஸ்டாயின் ‘எஜமானும் வேலைக்காரனும்’ குறுநாவல். 1895ல் வெளிவந்தது. இவானுக்குப் பதில் சொல்ல எழுதியதல்ல. ஆனால் இவானின் கேள்விக்கு இலக்கியத்தில் இதைவிட நேரான பதில் எனக்குத் தெரிந்து இல்லை.

வாஸிலி அந்திரேயிச் பிரெக்குனோவ் ஒரு கிராமத்து வியாபாரி. தேவாலயத்தின் மூப்பரும் அவனே. பக்கத்து நிலச்சுவான்தாரிடம் ஒரு தோப்பை மலிவாக முடித்துவிட அவசரம். தன் பணம் எழுநூறு ரூபிளோடு, தன் பொறுப்பில் இருக்கும் தேவாலயப் பணம் இரண்டாயிரத்து முந்நூறையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, பனிப்புயல் மூளும் நாளில் பனிச்சறுக்கு வண்டியில் கிளம்புகிறான். கூட வேலைக்காரன் நிகிதா. டால்ஸ்டாய் நிகிதாவை அறிமுகம் செய்யும்போதே கூலிக் கணக்கைப் போட்டுவிடுகிறார். அவன் வேலைக்கு ஆண்டுக்கு எண்பது ரூபிள் தகும். எஜமான் கொடுப்பது நாற்பது. அதுவும் பெரும்பாலும் ரொக்கமாக அல்ல, தன் கடைச் சரக்காக, கூடின விலையில். பண்டிகைக்கு முன் நிகிதாவின் மனைவி வந்து மாவு, தேயிலை, சர்க்கரை, சாராயம் என்று மூன்று ரூபிள் பெறுமான சரக்கும் ஐந்து ரூபிள் ரொக்கமும் வாங்கிக்கொண்டு, பெரிய உபகாரம்போல் நன்றி சொல்லிவிட்டுப் போகிறாள். வரவேண்டிய பாக்கி குறைந்தது இருபது. இதில் முக்கியமானது, பிரெக்குனோவ் தன்னை ஒரு மோசக்காரனாக நினைக்கவில்லை என்பதுதான். நிகிதாவுக்குத் தான் உபகாரி என்று மனப்பூர்வமாக நம்புகிறான். மற்ற எஜமானர்களைப்போல் அல்ல நாங்கள், எங்கள் வழி நேர்வழி என்பது அவன் தோரணை. ஆக, இந்தக் கதை கருணையில்தான் தொடங்குகிறது, பொய்க் கருணையில்.

வழி தவறுகிறார்கள். ஒரு கிராமத்தில் இராத் தங்கச் சொல்லி உபசரித்தும், வியாபாரம் கைநழுவிப் போய்விடும் என்று பிரெக்குனோவ் கிளம்பிவிடுகிறான். மறுபடி வழி தவறிப் பள்ளமொன்றின் அருகே இரவு மாட்டிக்கொள்கிறார்கள். நடுநிசியில் அவன் நிகிதாவை விட்டுவிட்டுக் குதிரையேறித் தப்ப முயல்கிறான். அவனுக்கு என்ன, செத்தாலும் இருந்தாலும் ஒன்றுதான். எனக்குத்தான் வாழக் காரணங்கள் இருக்கின்றன என்பது அவன் சமாதானம். பனியில் சுற்றிச் சுற்றி வந்து பயம் முற்றும்போது புனித நிக்கலஸை நினைத்துக் கும்பிடுகிறான். மெழுகுவர்த்தி ஏற்றுவதாக வேண்டிக்கொள்கிறான். உடனே அவன் கண்முன் வருவது எது? தேவாலயத்தில் அவனே விற்கிற மெழுகுவர்த்திகள். பக்தர்கள் வாங்கி ஏற்றிவைத்தவை, எரிந்தும் எரியாமலும் அவன் பெட்டிக்கே திரும்பி வந்துவிடும். அந்த மெழுகுவர்த்திக்கும் பூசைக்கும் இந்தப் பனிக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை, இருக்கவும் முடியாது என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்துவிடுகிறது. ஸ்தாபன மதத்தின் மேல் டால்ஸ்டாய் எழுதிய கண்டனங்கள் எத்தனையோ. 1901ல் அவரைத் திருச்சபை விலக்கியது அந்தக் கண்டனங்களுக்காக. ஆனால் திரும்பத் திரும்ப விற்கப்படும் இந்தப் பாதி மெழுகுவர்த்தி அத்தனையையும்விடக் கனமானது.

இங்கே விக்டர் ஹ்யூகோவின் பாதிரியாரை நினைக்காமலிருக்க முடியவில்லை. சுத்தானந்த பாரதியின் ‘ஏழைபடும் பாடு’ மூலமாகவும், 1950ல் வந்த அதே பெயருள்ள படத்தின் மூலமாகவும் தமிழர்களுக்குப் பழக்கமான கதை. வெள்ளிச் சாமான்களைத் திருடியவனுக்கு வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்தனுப்புகிறார் அவர். உன்னதமான செயல், சந்தேகமில்லை. ஆனால் அனுப்பும்போது, இதைக் கொடுத்து உன் ஆன்மாவை விலைக்கு வாங்குகிறேன் என்ற பொருளில் பேசுகிறார். அந்த உன்னதத்திலும் ஒரு கிரயப் பத்திரம் இருக்கிறது. பெற்றவன் ஆயுள் முழுதும் அந்தக் கிரயத்துக்குக் கட்டுப்பட்டே வாழவேண்டியிருக்கிறது. தொழிலால் வியாபாரியான பிரெக்குனோவ் இந்த இடத்தில்தான் பாதிரியாரிடமிருந்து வேறுபடுகிறான்.

குதிரை அவனை விட்டுவிட்டு ஓடிவிடுகிறது. அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் வந்துசேர்வது விட்டுவந்த வண்டியிடமே. நிகிதா, தான் செத்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறான். தனக்கு வரவேண்டிய கூலியை மகனிடமோ மனைவியிடமோ கொடுத்துவிடச் சொல்கிறான். கிறிஸ்துவின் பேரால் மன்னிக்கக் கேட்கிறான். கவனியுங்கள், கடைசி நேரத்தில் அவன் பேச்சில் கூலியும் கிறிஸ்துவும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. பிரெக்குனோவ் அரை நிமிஷம் அசையாமல் நிற்கிறான். அப்புறம், நல்ல பேரம் படிந்ததும் கையில் கையடித்து முடிப்பானே, அதே உறுதியோடு ஓர் அடி பின்வாங்கி, சட்டைக் கையை மேலே தள்ளிக்கொண்டு, நிகிதாவின் மேலிருக்கும் பனியை வாரிப் போடத் தொடங்குகிறான். தன் ரோமக் கோட்டைத் திறந்து அவன்மேல் படுத்து உடம்பால் மூடிக்கொள்கிறான்.

இந்தக் கையடிப்பு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மனமாற்றம் என்று நாம் சொல்கிற சமாச்சாரம் இங்கே நடக்கவில்லை. ஒளி இல்லை. கண்ணீர் பிறகுதான் வருகிறது. வியாபாரத்தில் பழகிய அதே தசை, அதே சுறுசுறுப்பு, இந்த முறை ஆதாயமில்லாத ஒன்றின்மேல் பாய்கிறது. படுத்துக்கொண்டும் அவன் பழைய ஜம்பத்தோடுதான் பேச ஆரம்பிக்கிறான். எங்கள் வழி இப்படித்தான் என்கிறான். முதலில் பொய்யாகச் சொன்ன அதே தொனி. ஆனால் தொண்டை அடைத்து மேலே பேசமுடியாமல் போய்விடுகிறது. நல்லவனாக மாறிவிட்ட ஒருவன் செய்த நற்செயல் அல்ல இது. கெட்டவனும் அல்லாத, நல்லவனும் அல்லாத ஒருவனின் கை தானாகச் செய்தது. ஆகவே இவானின் ஆட்சேபம் இவனைத் தொடமுடிவதில்லை. கடமை என்ற நினைப்பே அவனுக்கு எழவில்லை. தண்டனையும் இல்லை. கீழே இருக்கிறவனுக்குக் குளிர்கிறது, அவ்வளவுதான். தன் கைகால் விறைப்பதைக்கூட அவன் பொருட்படுத்தவில்லை. இந்தக் குடியானவனை எப்படிச் சூடாக வைப்பது என்பதே அவன் சிந்தனை.

விடியுமுன் அவனுக்கு ஒரு கனவு. யாருக்காகவோ காத்திருக்கிறான். அவர் வருகிறார். நிகிதாவின் மேல் படுக்கச் சொன்னவர் அவரே என்று அவனுக்குத் தெரிகிறது. டால்ஸ்டாய் பெயர் சொல்வதில்லை. ஜூலியன் கதையிலும் வருகிறவர் இவர்தான். ஆனால் அங்கே ரோகி போன இடத்தில் அவர் வருகிறார். இங்கே நிகிதாவை அகற்றாமல் வருகிறார். காலையில் கிராமத்தார் பனியைத் தோண்டும்போது மேலே விறைத்த பிரெக்குனோவ். அடியில் உயிரோடு நிகிதா. கோட்டின் கதகதப்பு வேலைக்காரனிடமே தங்கிவிட்டது. வானத்துக்கு எதுவும் போகவில்லை.

டால்ஸ்டாய்க்கே இது சுலபத்தில் கைவந்ததல்ல. பத்து ஆண்டுகளுக்கு முன், 1885ல், ‘அன்பு உள்ள இடத்தில் கடவுளும் உண்டு’ என்ற சிறுகதையை ஒரு பிரெஞ்சுக் கதையைத் தழுவி எழுதினார். செருப்புத் தைக்கும் மார்ட்டின் கிறிஸ்துவின் வரவுக்குக் காத்திருக்கிறான். அன்று அவன் தேநீர் கொடுத்த கிழவனும், உடை கொடுத்த தாயும், சமாதானப்படுத்திய ஆப்பிள்காரியும் இரவில் இருட்டு மூலையிலிருந்து தோன்றித் தாங்களே அவர் என்று தெரிவித்துவிட்டு மறைகிறார்கள். படிப்பவர் மனம் இளகும் கதைதான். ஆனால் அந்தத் தாயின் குழந்தை மறுநாள் என்ன சாப்பிட்டது என்று நமக்குக் கேட்கத் தோன்றுவதில்லை. கேட்கவிடாமல் கதை தன் கணக்கை முடித்துவிடுகிறது. குறுநாவலில் அப்படி இல்லை. நிகிதாவின் கால்விரல்கள் மூன்றை வெட்டிவிடுகிறார்கள். இரண்டு மாதம் ஆஸ்பத்திரி. இன்னும் இருபது வருஷம் வாழ்கிறான். தான் சாகவில்லை என்று தெரிந்தபோது அவனுக்கு வந்தது நன்றியல்ல, வருத்தம். பிழைத்த உயிரை உபகாரியின் காலடியில் வைக்காத இந்த வருத்தத்தை எழுதத் துணிந்தது டால்ஸ்டாயின் பெருமை. பெறுகிறவனுக்கு நன்றியில்லாமல் இருக்கும் உரிமையையும் கொடுப்பதுதான் கருணை என்று நான் நினைக்கிறேன்.

மார்க்சிய நண்பர்கள் இங்கே குறுக்கிடுவார்கள் என்று தெரியும். ஆண்டுக்கு நாற்பது ரூபிளைத் திருடியவன் ஓர் இரவு மேலே படுத்துக்கொண்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா? தீராது. தீர்ந்ததாக டால்ஸ்டாயும் சொல்லவில்லை. செத்தவன் அந்தக் கூலிப் பாக்கியைக் கொடுத்ததாகக் கதையில் எங்கும் இல்லை. கருணை நியாயத்துக்குப் பதிலி ஆகாது. கருணையைக் காட்டி நியாயத்தை ஒத்திப்போடுகிறவன்தான் கதையின் முற்பகுதிப் பிரெக்குனோவ். ஆனால் நியாயமான கூலி கொடுக்கப்படும் சமுதாயத்திலும் இரவும் குளிரும் முதுகுப் புண்ணும் இருக்கும். அங்கே ஒருவனுக்கு இன்னொருவன் என்ன செய்கிறான் என்ற கேள்வியைக் கூலி விகிதம் தீர்த்துவைக்காது.

அப்படியானால் இதில் கிறிஸ்தவம் எங்கே, வெறும் மனிதாபிமானம்தானே என்று கிறிஸ்தவ நண்பர் கேட்கலாம். அவர் நம்பியிருக்கிற மத்தேயு இருபத்தைந்தாம் அதிகாரத்தையே அவருக்குக் காட்டுவேன். பசித்தவனுக்கும் நோயாளிக்கும் செய்தது தமக்கே செய்தது என்று அரசர் தீர்ப்பளிக்கும் இடம். அங்கே எல்லோரும் தாண்டிப் போய்விடுகிற ஒன்று இருக்கிறது. செய்தவர்கள் திகைக்கிறார்கள். தாங்கள் எப்போது அப்படிச் செய்தோம் என்று விளங்காமல் கேட்கிறார்கள். எதிரில் இருப்பது கிறிஸ்து என்று தெரிந்து செய்தவன் இந்தக் கேள்வியைக் கேட்கமுடியாது. அவர்கள் பசித்தவனைப் பசித்தவனாகவே பார்த்தார்கள். அது யார் என்பது பிறகு சொல்லப்படுகிறது. பிரெக்குனோவ் மூப்பர், இந்த அதிகாரம் வாசிக்கப்படுவதை எத்தனையோ முறை கேட்டிருப்பான். பனியில் அது அவன் நினைவுக்கு வரவில்லை. வராமலிருந்ததால் அது இல்லை என்றாகிவிடாது. தாய்மொழியில் பேசுகிறவனுக்கு இலக்கணம் நினைவில் இருப்பதில்லை. இலக்கணமில்லாமல் அவன் பேசுவதுமில்லை. விசுவாசம் கருணையாக வெளிப்படுவது அந்த மாதிரியான மறதியின் வழியாகத்தான் என்று எனக்குப் படுகிறது. மெழுகுவர்த்தியை நினைத்தவரை அவனால் எதுவும் செய்யமுடியவில்லை.

நிகிதா கடைசியில் வீட்டிலேயே, தான் விரும்பியபடி, சுவரில் தொங்கும் புனிதர் படங்களின் கீழே, கையில் எரியும் மெழுகுவர்த்தியோடு இறக்கிறான். மெழுகுவர்த்தியைக் கேலி செய்த அதே கதை அதை ஒரு குடியானவனின் கையில் கொடுத்து முடிகிறது. டால்ஸ்டாய் மறந்து எழுதியதாக நான் நினைக்கவில்லை.

அந்த ஆயா சொன்னது பதில்தான் என்று இப்போது நினைக்கிறேன். நான் கேட்டது அவளைப் பற்றி. அவள் சொன்னது என் தகப்பனாரின் முதுகைப் பற்றி. அவள் கழுத்துச் சிலுவைக்கும் அந்த ஈரத் துணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். என் நண்பர்கள் இருவரும் அந்தச் சம்பந்தத்தைத்தான் விவாதித்துக்கொண்டிருந்தார்கள், படுக்கையில் கிடப்பவனைப் புரட்டாமல்.